வீட்டுக்குள் இருக்கும் காற்று

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டதும் நம் வீடுகளில் ஒரு தடைப் பட்டியல் அமலுக்கு வந்துவிடும். மழையில் நனையாதே. தலைக்குக் குளிக்காதே. ஐஸ்கிரீம் பேச்சே எடுக்காதே. ராத்திரியில் தயிர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டவே வேண்டாம். இவ்வளவையும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களைச் சாத்தி, கொசுவுக்குச் சுருள் கொளுத்தி வைத்து, இருமிக்கொண்டிருக்கும் தாத்தா முதல் ஆறு மாதக் குழந்தை வரை எல்லோரும் ஒரே அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். சளிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு செய்ய முடியாது.

அந்தப் பட்டியலில் இடம்பெறாத காரணங்களைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம். சாதாரண சளி, ஃபுளூ, நிமோனியா, காசநோய் என்று மூச்சுப் பாதையைத் தாக்கும் நோய்கள் வெவ்வேறு கிருமிகளால் வருபவை. ஆனாலும் அவை நம்மிடம் வந்து சேர்வதற்கு நாம் அன்றாடம் திறந்து வைக்கும் வழிகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

மழையை முதலில் பேசி முடித்துவிடுவோம். மழைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவின் பல நகரங்களில் ஃபுளூ ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும். சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது எந்த ஊருக்கு எப்போது பெருமழையோ அப்போது அங்கே ஃபுளூ. ஆனால் மழைத்தண்ணீரில் ஃபுளூ கிருமி கிடையாது. இங்கிலாந்தில் சாலிஸ்பரி அருகே 1946-இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சளியை மட்டுமே ஆராய்ந்த ஒரு நிலையம் இருந்தது. அங்கே தன்னார்வலர்களின் மூக்கில் கிருமியை விட்டு, சிலரைக் குளிரில் நடுங்கவும் வைத்துப் பார்த்தார்கள். நடுங்கியவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை. 2005-இல் கார்டிஃபில் நடந்த ஆய்வு கொஞ்சம் வேறு கதை சொன்னது. குளிர்ந்த நீரில் காலை வைத்திருந்த 90 பேரில் 13 பேர் அடுத்த சில நாட்களில் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். காலை நனைக்காத 90 பேரில் 5 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஏற்கெனவே மூக்குக்குள் வந்து தங்கியிருக்கும் கிருமிக்குக் குளிர் கைகொடுக்கலாம் என்ற அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். பாட்டி சொன்னதில் கால் பங்கு உண்மை உண்டு என்று வைத்துக்கொண்டு, நனைந்த பிள்ளைக்குத் தலையைத் துவட்டிவிடுங்கள். மீதி முக்கால் பங்கு அறைக்குள் இருக்கிறது.

ஒருவர் விட்ட மூச்சு

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பேசும்போதும் பாடும்போதும், ஏன், சும்மா மூச்சு விடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியேறுகின்றன. பெரிய துளி சில அடி தள்ளித் தரையில் விழுந்துவிடும். நுண்துளி விழாது, மூடிய அறையில் நேரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். தவிர, ஃபுளூ வந்தவர் தனக்கு உடம்பு சரியில்லை என்று உணர்வதற்கு ஒரு நாள் முன்பே அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். ஆகவே 'இருமுகிறவர் பக்கத்தில் உட்காராதே' என்ற எச்சரிக்கை மட்டும் போதாது.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. கொரோனா பற்றிய செய்தி அப்போதே பரவியிருந்ததால் கைக்குச் சானிடைசர் வைத்திருந்தார்கள், கட்டியணைப்பதைத் தவிர்த்தார்கள். வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது, இருவர் இறந்துபோனார்கள். அதே ஆண்டு ஜனவரியில் சீனாவின் குவாங்சூ நகரில் ஜன்னல் இல்லாத ஒரு ஏ.சி. உணவகத்தில் அடுத்தடுத்த மூன்று மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களில் 10 பேருக்குத் தொற்று உறுதியானது. ஏ.சி. அந்த மூன்று மேசைகளின் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஏ.சி. பற்றி நம்மில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் பெரிய பெட்டி வெளிக்காற்றை இழுத்து, குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று நினைக்கிறோம். வீட்டில் இருக்கும் ஸ்ப்ளிட் ஏ.சி. அப்படி எதுவும் செய்வதில்லை. உள்ளே இருக்கும் பெட்டி அறையின் காற்றையே இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குள் திருப்பி விடுகிறது. வெளிப்பெட்டியின் வேலை வெப்பத்தை வெளியே கொட்டுவது மட்டும். இரவு பத்து மணிக்குக் கதவைச் சாத்திப் படுத்த நான்கு பேர் காலை ஆறு மணி வரை ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மின்விசிறியும் அப்படித்தான். ஜன்னல் திறந்திருந்தால் அது புதுக்காற்றைப் பரப்பும். மூடியிருந்தால் பழைய காற்றைக் கலக்கும்.

என்ன செய்யலாம்? எதிரெதிரே இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் உள்ள அடுக்குமாடி அறையில், அறைக்கதவைத் திறந்து வைத்து, குளியலறை அல்லது சமையலறையின் எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டால் அந்த ஓட்டம் கிடைக்கும். ஏ.சி. போட்டே ஆக வேண்டுமென்றால் ஜன்னலில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். வீட்டில் ஒருவர் இருமும் வாரத்திலாவது அந்தக் காசைப் பார்க்காதீர்கள். அந்த வாரம் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டியவரும் முதலில் அவர்தான். காரில் போகும்போது காற்றை உள்ளேயே சுழலவிடும் பொத்தானை அணைத்துவிடுங்கள். அம்புக்குறி காருக்குள் வளைந்து திரும்புவதுபோல் படம் போட்டிருக்கும் பொத்தான் அது.

வெளியிடங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது டியூஷன் சென்டர்கள். கோயில் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே தடுத்துக் கட்டிய சின்ன அறைக்குள் முப்பது பிள்ளைகளை இரண்டு மணி நேரம் ஏ.சி.யில் அடைத்து வைப்பதைக் கண்டுகொள்வதில்லை. திருவிழாக் கூட்டம் திறந்த வெளியில் நிற்கிறது. காற்று எவ்வளவு பழசானது என்பதை அளக்கக் கார்பன் டை ஆக்சைடு மானி என்றொரு சிறு கருவி இருக்கிறது. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடின் அளவு பத்து லட்சத்தில் 420-ஐ ஒட்டி இருக்கும். அறைக்குள் ஆயிரத்தைத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று பொருள். ஒவ்வொரு வீட்டுக்கும் இது தேவையில்லை. பள்ளிக்கூடமோ டியூஷனோ நடத்துகிறவர்கள் ஒன்று வாங்கி வைக்கலாம். பெற்றோர்கள் கருவி இல்லாமலே கேட்கலாம்: இந்த அறையில் ஜன்னல் எங்கே?

காசநோயிலும் காற்றுதான் வழி. ஆனால் அதைத் தட்டிலும் டம்ளரிலும் தேடும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு என்று ஒதுக்கி வைப்பார்கள். அவர் படுத்திருக்கும் அறையின் ஜன்னல் மூடியே இருக்கும். நோயாளி வீட்டிலேயே இருந்தால் குடும்பத்துக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. 1956-இல் இங்கே தொடங்கிய ஆய்வில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள்; மறு பாதியினருக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள். நெருக்கடியான, வசதி குறைந்த வீடுகள் அவை. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்; அவர்களுடைய குடும்பத்தாருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. குடும்பத்துக்கு ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. எனவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் எதுவானாலும், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யும் சளிப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். தட்டை எல்லோருடையதோடும் சேர்த்தே கழுவலாம்.

புகை

மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க நுண்ணிய மயிரிழைகள் இருக்கின்றன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து அவை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை இந்த மயிரிழைகளை மந்தப்படுத்தும். தினமும் பட்டால் அழித்தும் விடும். வெளியே தள்ளப்பட வேண்டிய கிருமி அப்புறம் உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. சிகரெட், பீடி பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 'பால்கனியில் நின்றுதான் பிடிக்கிறேன்' என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: பால்கனிக் கதவு திறந்திருந்தால் நீங்கள் வீட்டுக்குள்ளேதான் பிடிக்கிறீர்கள்.

கொசுவத்திச் சுருளை அதன் விலையையும் பச்சை நிறத்தையும் பார்த்து யாரும் சந்தேகிப்பதில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரே ஒரு சுருள் முழுக்க எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்குச் சமம். ஜன்னலைச் சாத்திய அறையில், கட்டிலுக்கடியில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அது இரவு முழுக்கப் புகைகிறது. ஜன்னலுக்கு வலை அடித்து, தொட்டிலுக்குக் கொசுவலை போடுவதற்கு ஒருமுறைதான் செலவு. வலை இருந்தால் ஜன்னலையும் திறந்து வைக்கலாம். காற்று, கொசு இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் பட்டையோடு வரும் வலை கடைகளில் கிடைக்கிறது. ஊதுபத்தியும் சாம்பிராணியும் சாமிக்கு என்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும். போகிப் புகை ஆண்டுக்கு ஒரு காலைதான். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வெளியே வராமலிருப்பது நல்லது. டயர் கொளுத்துகிறவர்களை என்ன செய்வது என்பது போலீஸ் கையில் இருக்கிறது.

விறகடுப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. விறகுக்குப் பதில் கேஸ் கொடுத்தால் குழந்தைகளுக்கு நிமோனியா குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியப் பகுதி நம் நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில், போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் ஆய்வாளர்களால் நடத்தப்பட்டது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு 18 மாதங்கள் கேஸ் இலவசம். வீட்டுப் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் 2024-இல் வெளியான முடிவில், குழந்தைகளின் கடுமையான நிமோனியாவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு விறகே போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுப்படியில் நிற்கும் பெண்ணின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கேஸ் நல்லது என்பது அப்படியே இருக்கிறது. குழந்தையின் நிமோனியாவுக்கு அடுப்பு ஒன்றே காரணமில்லை என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன். பால், தடுப்பூசி, எடை, வீட்டு நெரிசல் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

கைக்குழந்தை உள்ள வீடு

பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டுவதில் நம்மூருக்கென்று ஒரு கலை இருக்கிறது, பெரும்பகுதி அழகானது. இரண்டு பழக்கங்களை மட்டும் இன்றே நிறுத்த வேண்டும். ஒன்று, குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் எண்ணெய் விடுவதும் வாய்வைத்து ஊதுவதும். சளி வெளியேறும் என்று நினைத்துச் செய்கிறார்கள். எண்ணெய்க்கு இருமலைத் தூண்டும் காரம் கிடையாது. அது சத்தமில்லாமல் வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உள்ளே போன எண்ணெயை உடம்பால் எளிதில் வெளியேற்ற முடியாது. அதனால் வரும் நிமோனியா வாரக்கணக்கில் இழுக்கும். ஊதும்போது ஊதுகிறவரின் வாய்க்கிருமியும் சேர்ந்து போகிறது. இன்னொன்று, ஈரத்தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது. துண்டு போதும்.

பிறந்தவுடன் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எல்லாம் ஆறு மாதம் வரை வேண்டாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைக்கு நிமோனியா அபாயம் குறைவு. தாய்க்குச் சளி பிடித்தால் பாலை நிறுத்தச் சொல்லும் மாமியார்கள் உண்டு. நிறுத்த வேண்டாம் அத்தை, நான் முகக்கவசம் கட்டிக்கொண்டு கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். தொட்டில் போடும் நாளில் வந்தவர்கள் எல்லோரும் குழந்தையை வாங்கிக் கொஞ்சுவது மனசுக்கு இனிமையான விஷயம்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் சித்தப்பாவை மட்டும் அடுத்த வாரம் வரச் சொல்லிவிடலாம்.

தடுப்பூசியில் தமிழ்நாடு முன்னால் நின்ற மாநிலம். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பு அடங்கிய பென்டாவேலன்ட் ஊசி, 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நிமோகாக்கல் ஊசி 2021-இல் நாடு முழுக்க இலவசத் திட்டத்துக்குள் வந்தது. அட்டையை எடுத்து இரண்டும் போட்டாயிற்றா என்று பாருங்கள்.

சர்க்கரை, சாப்பாடு, தூக்கம்

ஒரே அறையில் ஒரே காற்றைச் சுவாசித்த பத்துப் பேரில் சிலர் மட்டும் படுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால், நம் மாநிலத்தில் முதலில் நிற்பது சர்க்கரை நோய். 2023-இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியப் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது கிருமியை விழுங்கும் வெள்ளை அணுக்கள் சோம்பிப்போகின்றன. காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. சர்க்கரை உள்ளவருக்கு இருமல் வந்தால், 'சீசன் இருமல்' என்று தள்ளிப்போடும் சலுகை அவருக்கு இல்லை.

சாப்பாட்டின் பங்கு எவ்வளவு என்பதை ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கிடைத்த வீடுகளோடு ஒப்பிட்டபோது, இவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-இல் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும்! இதைப் படித்த பிறகு, விளம்பரத்தில் வரும் 'இம்யூனிட்டி' பவுடர் டப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தூக்கத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் அளந்துவிட்டு, மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. நைட் ஷிஃப்ட் போகிறவர்களும் பொதுத்தேர்வுக்கு விடியவிடியப் படிக்கும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்.

கை கழுவுவதைப் பற்றி கொரோனா காலத்தில் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். ஒரே ஒரு தகவல்: கராச்சியின் குடிசைப் பகுதிகளில் சாதாரணச் சோப்பைக் கொடுத்துக் கை கழுவப் பழக்கியதில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. விலையுயர்ந்த கிருமிநாசினிச் சோப்பு இதைவிட அதிகமாக எதையும் சாதிக்கவில்லை.

மிளகு ரசம், சுக்குக் காபி, இஞ்சி டீ எல்லாம் தொண்டைக்கு இதம், தாராளமாகக் குடியுங்கள். ஆவி பிடிப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சளியைவிடக் கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது பெரிய ஆபத்து. பிள்ளைகளைப் போர்வைக்குள் மூடிப் பாத்திரத்தின் முன்னால் உட்கார வைக்கவே வேண்டாம். கடையில் சொல்லி நாமாக வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸ் சளியை ஒன்றும் செய்யாது. நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது பலிக்காமல் போக வழி செய்யும்.

வயதானவர்களிடம் இன்னொரு வழியும் இருக்கிறது: வாய். விழுங்கும் திறன் தளர்ந்தவர்களுக்கு எச்சிலும் சோறும் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கும். பல் துலக்காத வாயில் பெருகிய கிருமிகள் அதோடு சேர்ந்து போகும். படுக்கையில் இருப்பவருக்கு நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். பல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வேளை வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஆண்டுதோறும் ஃபுளூ ஊசியும், நிமோகாக்கல் ஊசியும் 65 வயதைக் கடந்தவர்களுக்கு உண்டு. சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த வயதுக்கு முன்பே தேவைப்படும். பேரனுக்கு அட்டை வைத்து ஊசி போடும் குடும்பத்தில் தாத்தாவுக்கும் ஊசி உண்டு என்பதை டாக்டரே சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சளி வரும். எப்போது மருத்துவமனைக்கு ஓடுவது? குழந்தை அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40. மூச்சு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முதியவர்களுக்கு நிமோனியா வந்தாலும் காய்ச்சலே இல்லாமல் போகலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசுகிறார், சாப்பாட்டை ஒதுக்குகிறார், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது என்றால் தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் அன்றைக்கே அழைத்துப் போய்விடுங்கள்.